இடது முறுக்கு

"பதினாலு பிளேடு. பதினாலும் புதுசு. போல்ட்டு, நட்டு எல்லாம் புதுசு. என் கையால மாட்டினேன்," என்றார் மெக்கானிக்.

லாக்கப் கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. நேற்றிலிருந்து கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. கோபம் மட்டும் கட்டவில்லை.

"அப்போ டிரைவர் கழுத்துல இருந்து எடுத்த பிளேடு மட்டும் எப்படிப் பழசாப் போச்சு?" என்று கேட்டார் ஊசி மேடம்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன். கேட்டா அடிக்கிறாங்க."

ஊசி மேடம் திரும்பி, மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது. ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு. இருபது வருடம் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டு, ஒரு நாள் மேலதிகாரியின் மேசையில் அடையாள அட்டையை விட்டெறிந்துவிட்டு இறங்கி வந்தவர். இப்போது சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம். இன்ஸ்பெக்டர் அவசரமாக ஒரு ஃபைலைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மேடத்தின் உதவியாளன் நோட்டில் 'அடிச்சாங்க' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். குள்ளமான, வட்டமான ஆள். ஊசிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பதால் பட்டன் என்று யாரோ கூப்பிடப்போய், அதுவே நிலைத்துவிட்டது. ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பல் வலிக்கும்.

"சார், அடிச்ச பிறகு அவர் எண்ணிக்கையை மாத்திச் சொன்னாரா?"

"இல்ல. அதே பதினாலுதான்," என்றார் இன்ஸ்பெக்டர், ஃபைலுக்குள்ளிருந்து.

"அடி வீணாப் போச்சே சார்."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே பெரிய மாட்டுப் பண்ணை. மாடுகளுக்குப் புல் வெட்ட, டிராக்டருக்குப் பக்கவாட்டில் மாட்டி ஓட்டும் ஒரு பழைய மெஷின். அதன் அடியில் வரிசையாக ஏழு டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ளங்கை நீளத்தில் இரண்டு பிளேடு. டிஸ்க் சுற்றுகிற வேகத்தில் ஒரு பிளேடு கழன்றால் துப்பாக்கிக் குண்டுதான். வியாழக்கிழமை மதியம், மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது வேலியோரம் கல் பொறுக்கிக்கொண்டிருந்த டிரைவரின் கழுத்தில் பிளேடு ஒன்று பறந்து வந்து பாய்ந்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கழுத்திலிருந்து எடுத்தது தேய்ந்துபோன பழைய பிளேடு. மெஷினைப் பழுது பார்த்து நான்கே நாள்தான் ஆகியிருந்தது. புதுசு என்று சொல்லிப் பழசை மாட்டிவிட்டார் என்று மெக்கானிக்கை வெள்ளிக்கிழமையே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

அவருக்காக மேடத்திடம் வந்தது அவர் மனைவியோ தம்பியோ அல்ல. செத்துப்போன டிரைவரின் தங்கை.

கக்கத்தில் கட்டையை ஊன்றி, சைக்கிள் கடைப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தாள். போன வருடம் அதே மெஷினில் அடைத்துக்கொண்ட புல்லை அவள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, நின்றிருந்த டிஸ்க் திடீரென்று சுற்றியது. ஒரு பாதம் போய்விட்டது. ஓடுகிற மெஷினில் அவளாகக் காலை விட்டாள் என்று பண்ணையில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவள் அண்ணனேதான்.

"அந்தக் கையெழுத்தைப் போட்டதிலிருந்து அவன் சரியாச் சாப்பிடல மேடம்," என்றாள். "போன வாரம் வந்து அழுதான். நீ குனிஞ்சிருக்கும்போது வேற ஒருத்தர் சீட்ல ஏறி லீவரை இழுத்தாரு, நான் கீழ நின்னேன், வெள்ளிக்கிழமை தொழிலாளர் நீதிமன்றத்துல வந்து சொல்றேன்னான். யாருன்னு கேட்டேன். அங்கயே கேட்டுக்கோன்னான். வியாழக்கிழமை செத்துட்டான். இதுல மெக்கானிக் எங்க வந்தார்?"

ஊசி மேடம் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது மெக்கானிக்கிடம் கேட்டார்: "கழட்டின பழசையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"நான் எடுத்துட்டுப் போறதில்ல. பழசைக் கழட்டவே இல்லன்னு பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாதில்ல. எல்லாத்தையும் ஒரு வாளியில போட்டு ஷெட்டுலயே வெச்சேன். அடியில தரையோட உரசற ஷூ தேய்ஞ்சு காகிதமா இருந்துச்சு, தகடு வெச்சு வெல்டு பண்ணேன். நாலாவது டிஸ்க்ல பேரிங் கத்துச்சு, மாத்தினேன். ரெண்டு டிஸ்க்ல போல்ட் ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருந்துச்சு, டிஸ்க்கையே மாத்தினேன். முன்னாடி தொங்கற கேன்வாஸ் மட்டும் ஒரே கிழிசல். மாத்துங்கன்னேன், பார்க்கலாம்னாங்க."

"வாளியில எத்தனை பிளேடு இருக்கணும்?"

"பதினாலு. வலது எட்டு, இடது ஆறு."

"பிளேடுல என்ன வலது இடது?" என்றான் பட்டன்.

மெக்கானிக் கம்பிக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டினார். "பக்கத்துப் பக்கத்து டிஸ்க் எதிரெதிரா சுத்தும். வெட்டின புல்லைத் தூக்கி விடறதுக்காக பிளேடை லேசா முறுக்கி வெச்சிருப்பாங்க. ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, இதுக்கெல்லாம் வலது முறுக்கு. ரெண்டு, நாலு, ஆறுக்கு இடது. என் ரெண்டு கையும் கைதான். அதுக்காக இதைக் கழட்டி அந்தப் பக்கம் ஒட்ட வைக்க முடியுமா?"

"புது பிளேடு மிச்சம் ஏதாவது?"

"ஸ்பேர் ரெண்டு இருந்துச்சு. எண்ணெய்க் காகிதம் பிரிக்காம அலமாரியில வெச்சேன்."

மேடம் எழுந்தார். "இன்ஸ்பெக்டர், இவரை எத்தனை மணிக்கு நீதிபதிகிட்ட கொண்டு போறீங்க?"

"மூணு மணிக்கு."

"பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிளேடை எடுத்துக்கிட்டு பண்ணைக்கு வாங்க."

"நான் எதுக்கும்மா வரணும்?"

"வராட்டிப் போங்க. மூணு மணிக்கு இவர் சட்டையைக் கழட்டி நீதிபதிகிட்ட முதுகைக் காட்டச் சொல்றேன்."

ஃபைல் மூடிக்கொண்டது.

பண்ணை வாசலில் டிரைவரின் தங்கை வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு என்றார் காவலாளி.

"யார் உத்தரவு?"

"உள்ள இருந்து வந்துச்சும்மா."

"இவங்க அண்ணன் செத்த இடம் உள்ள இருக்கு. பார்க்கக் கூடாதுன்னு சொல்றவர் யாரோ, அவரை வெளிய வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

காவலாளி அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

"எனக்கே சில சமயம் வீட்டுக்கு ஓடிப் போயிடலாம்னு தோணும்ணே," என்று அவர் காதில் சொல்லிவிட்டு பட்டன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனான்.

தகரக் கொட்டகைக்குள் புல் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து கிடந்தன. மூலையில் மெஷின், ஒரு பக்கத்து இறக்கை ஒடிந்த பறவை மாதிரி சாய்ந்திருந்தது. பட்டன் மண்டியிட்டு, கேன்வாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு டிஸ்க்காகத் தவழ்ந்து போனான்.

"புதுசு, புதுசு. ரெண்டாவது டிஸ்க், புதுசு, புதுசு. மூணாவது, புதுசு, காலி. இதுதான் நம்ம ஆளு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு எல்லாம் புதுசு. பதிமூணு புதுசு, ஒரு காலி மேடம்."

"காலி இடத்துல போல்ட் ஓட்டை எப்படி இருக்கு?"

பட்டன் விரலை விட்டுப் பார்த்தான். "குழந்தைக்குக் காது குத்தின மாதிரி சுத்தமா, வட்டமா இருக்கு."

"அவ்வளவு வேகத்துல பிச்சுக்கிட்டுப் போனது ஓட்டையைக் கிழிக்காமலா போகும்?"

"மரியாதை தெரிஞ்ச போல்ட் போலிருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. டிரம்களுக்குப் பின்னால் கையை விட்டு, கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்தார். தேய்ந்த பேரிங், வளைந்த போல்ட்டுகள், அடியில் பழைய பிளேடுகள். பட்டன் தரையில் ஒரு சாக்கை விரித்து, பிளேடுகளை எடுத்து அடுக்கினான். எண்ணி முடித்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"பதிமூணுதான் மேடம். ஒண்ணு குறையுது. அப்போ ஒரு பழசை அவர் மெஷின்லயே விட்டுட்டார்னுதானே ஆகுது? நம்ம ஆள் மாட்டிக்கிட்டாரே."

தங்கை கட்டையை ஊன்றிக் குனிந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முறுக்கைப் பார்த்துப் பிரி," என்றார் மேடம்.

முதலில் பட்டனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பிளேடுகளைக் கண்ணுக்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்று அந்தப் பக்கம். பிரித்து வைத்தான். வலது பக்கம் எட்டு. இடது பக்கம் ஐந்து.

"இப்போ சொல்லு. காலியா இருக்கிற மூணாவது டிஸ்க் எந்தப் பக்கம்?"

"வலது."

"மெக்கானிக் சோம்பேறித்தனத்துல ஒரு பழசைக் கழட்டாம விட்டிருந்தா வாளியில எது குறையணும்?"

"வலது குறையணும்." பட்டன் மெதுவாக எழுந்தான். "வலது எட்டும் இருக்கு. குறையறது இடது. மெஷின்ல இடது டிஸ்க் மூணுலயும் புதுசு முழுசா இருக்கு."

"அப்போ அந்தப் பழைய பிளேடு மெஷின்ல இல்லவே இல்ல. இந்த வாளியில இருந்துச்சு. வாளியில இருக்கிற பிளேடு பறக்குமா?"

பட்டனுக்கு வாயில் ஒரு ஜோக் வந்து, வந்த வழியே போய்விட்டது. பறக்காது. யாரோ கையை விட்டு எடுத்திருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு வேலிவரை நடந்திருக்க வேண்டும். அங்கே ஒருவன் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். காரியத்தை முடித்த பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து, கைக்கு எட்டிய டிஸ்க்கிலிருந்து ஒரு புதுப் பிளேடைக் கழற்றியிருக்க வேண்டும். பழி போட ஏற்கெனவே ஒரு மெக்கானிக் தயாராக இருந்தார்.

"எங்க அண்ணன் குனிஞ்சுதான் இருந்தான்," என்றாள் தங்கை. "நானும் போன வருஷம் குனிஞ்சுதான் இருந்தேன்."

"யாரு உள்ள?"

குரல் கொட்டகையை நிரப்பியது. பண்ணை முதலாளி. அறுபதைத் தாண்டிய கனத்த உடம்பு, முழங்கைவரை சாணக் கறை. மாடு கன்று போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்திருப்பார் போலிருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவர் கண் ஒரு கணம் கீழே போய், அவள் காலைத் தொடாமல் திரும்பியது.

"என் இடத்துக்குள்ள யாரைக் கேட்டு வந்தீங்க?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றார் மேடம். "வியாழக்கிழமை டிராக்டர்ல யார் இருந்தது?"

"போலீஸ்ல சொல்லியாச்சு. நான்தான் ஓட்டினேன். அவன் முன்னாடி இறங்கிக் கல் எடுத்துக்கிட்டு இருந்தான். என் கண்ணு முன்னாடியே விழுந்தான். பதினெட்டு வருஷம் என்கிட்ட இருந்தவன். அந்த மெக்கானிக்கைச் சும்மா விட மாட்டேன்."

"வேற யாரும் பார்க்கலையா?"

"சாப்பாட்டு நேரம். எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தாங்க."

"அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. என் மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு. அவர்தான் கணக்கு வழக்கு, ஆபீஸ் எல்லாம் பார்க்கிறார். எதுக்கு?"

"திறங்க."

அவர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். முறைத்துக்கொண்டேதான் திறந்தார். மேல் தட்டில் ஒரு அட்டைப் பெட்டி. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு பிளேடுகள். அவற்றுக்கு அடியில், காகிதம் இல்லாமல், மூன்றாவது ஒன்று. பட்டன் அதை வெளிச்சத்தில் பிடித்தான். புத்தம் புதிய விளிம்பு. அதில் காய்ந்து பச்சைக் கோடாக ஒட்டியிருந்தது புல் சாறு.

"மேடம், இந்த அலமாரிக்குள்ள புல் முளைக்குது போல."

முதலாளி அதை எட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

தங்கை ஒரு எட்டு முன்னால் வந்தாள். கட்டை சிமென்ட்டில் ஓங்கி விழுந்தது. "சாவி உங்க இடுப்புல. மெஷின் உங்களுது. ஓட்டினது நீங்க. எங்க அண்ணன் நீதிமன்றத்துல பேசினா யாருக்கு வலிக்கும்? லீவரை இழுத்த கை உங்க கைதானே?"

"வார்த்தையை அளந்து பேசு."

"ஒரு வருஷமா அளந்துதான் பேசினேன். அதான் எங்க அண்ணனைப் புதைச்சிட்டு வந்து நிக்கிறேன்."

பட்டன் முதலாளியின் கைகளையே பார்த்தான். பெரிய கைகள். அந்தக் கைகளில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளேடு தெரியக்கூடத் தெரியாது. இவர்தான், சந்தேகமே இல்லை. மேடம் ஏன் இன்னும் பேசாமல் நிற்கிறார் என்றுதான் புரியவில்லை.

வெளியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு உள்ளே வந்தார். கையில் சீல் வைத்த பிளாஸ்டிக் உறை.

"கொண்டு வந்துட்டேன். சீக்கிரம் முடிங்கம்மா."

மேடம் உறையை வாங்கினார். வாங்கிய கையோடு முதலாளியிடம் நீட்டினார்.

"உறையைப் பிரிக்க வேண்டாம். அப்படியே பிடிச்சு, எந்த இடத்துல இருந்து பறந்துச்சுன்னு வெச்சுக் காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"நீங்கதானே ஓட்டினீங்க. காட்டுங்க."

உறையைப் பிடுங்கிக்கொண்டு முதலாளி மெஷின் பக்கம் போனார். கேன்வாஸை ஒரு வீச்சில் தூக்கி மேலே போட்டார். மூன்றாவது டிஸ்க்கின் காலி இடத்துக்கு நேராகப் பிளேடைக் கொண்டுபோனார். கொண்டுபோன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

உறையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இது இங்க வராது," என்றார். குரல் மாறியிருந்தது. "இது இடது முறுக்கு."

முதலாளி குனிந்து இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தார், நான்காவதைப் பார்த்தார், ஆறாவதைப் பார்த்தார். நிமிர்ந்து வந்து சாக்கின் மேல் அடுக்கியிருந்த பழைய பிளேடுகளின் முன்னால் நின்றார். எட்டு. ஐந்து. பட்டனுக்குக் கால் மணி நேரம் பிடித்த கணக்கு அவருக்கு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. பின்னால் கையை நீட்டி டிரம்மைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பிளேடை இன்னைக்குத்தான் முதல் தடவையாக் கையில எடுத்துப் பார்க்கிறீங்க," என்றார் மேடம். "இத்தனை வருஷமா இந்த மெஷினோட பழகினவர் பழி போடணும்னு நினைச்சா, சரியான பிளேடைத்தான் எடுத்திருப்பார். எடுத்தவருக்கு இடது வலது தெரியாது. சாவி மட்டும் இருந்திருக்கு."

பட்டன் வாய் பிளந்து நின்றான். சந்தேகமே இல்லை என்று அவன் வைத்திருந்தது அப்படியே குப்புறக் கவிழ்ந்துவிட்டது.

"பறக்காத பிளேடு பறந்ததை நீங்க பார்த்திருக்க முடியாது. நீங்க டிராக்டர்ல இல்ல. யாருக்காகப் பொய் சொன்னீங்க?"

முதலாளி பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. கலையாத தலை, மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. மருமகன்.

"என்ன மாமா, ஜீப் வந்திருக்கு? நான் பேசிக்கிறேன், நீங்க கன்னுக்குட்டியைப் போய்ப் பாருங்க."

"வாங்க மாப்பிள்ளை," என்றார் முதலாளி. அவ்வளவு மெதுவாக அவர் பேசிப் பண்ணையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அந்தச் சாக்குல இருக்கிற பிளேடுல ஒண்ணு எடுத்துக் கொடுங்க. மூணாவது டிஸ்க்குக்கு."

மருமகன் ஒரு தடவை எல்லோரையும் பார்த்தான். பிறகு பேன்ட் அழுக்காகாமல் குனிந்து, கிட்ட இருந்த ஒன்றை இரண்டு விரலால் எடுத்து நீட்டினான்.

"இதுவா?" என்றார் முதலாளி.

"எதுவா இருந்தா என்ன மாமா. எல்லாம் ஒண்ணுதானே."

முதலாளி அதை வாங்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதான்," என்று திருப்பிச் சொன்னார். "அன்னைக்கு என் காலைப் பிடிச்சீங்க. நான்தான் ஓட்டினேன் மாமா, பிளேடு பறந்துடுச்சு, குடிச்சிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன், என்னை உள்ள தள்ளிடுவாங்க, நீங்க ஓட்டினதாச் சொல்லுங்கன்னு அழுதீங்க. என் பொண்ணு முகத்துக்காகச் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். விபத்துன்னு நம்பினேன்."

"மாமா, வீட்டுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்."

"அலமாரிச் சாவியைக் கொடுங்க," என்றார் மேடம்.

"நீங்க யாருங்க?"

"கழட்டின புதுப் பிளேடைத் தூக்கிப் போட மனசு வரல, இல்லையா? கிணத்துல வீசியிருந்தாக்கூட நான் இன்னும் தேடிக்கிட்டு இருந்திருப்பேன். பத்திரமா பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கீங்க. துடைக்க மட்டும் மறந்துட்டீங்க."

மருமகனின் கையிலிருந்த பழைய பிளேடு சிமென்ட்டில் விழுந்து சுழன்று அடங்கியது. அவன் வாசலைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள் நின்றிருந்தார். அதற்குப் பிறகு அவன் பார்த்தது மாமனாரைத்தான். பயம் போய், அவன் முகத்தில் ஒரு வெறுப்பு ஏறியது.

"உங்க பண்ணைக்காகத்தான் செஞ்சேன். அவன் மறுநாள் போய் உளறியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இங்க பூட்டுதான் தொங்கியிருக்கும். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு டிரைவர், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கல் பொறுக்கிக்கிட்டே, முடியாது சார்னு சொல்றான்."

பட்டன் தன் கை நோட்டைக் கசக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். எப்போது கசக்க ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. முதலாளி ஓங்கிய கை மருமகனின் கன்னத்துக்குப் போகும் முன் இன்ஸ்பெக்டர் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"அடிக்கக் கூடாதுன்னு இப்போதான் ஞாபகம் வந்துச்சா இன்ஸ்பெக்டர்?" என்றார் மேடம். "முதல்ல ஸ்டேஷனுக்கு போன் பண்ணி அந்த மெக்கானிக்கை வெளிய விடச் சொல்லுங்க. பிறகு இவரைத் தடுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். அவர் காது சிவந்திருந்தது. பேசி முடித்ததும் கான்ஸ்டபிள் மருமகனை ஜீப்புக்கு நடத்திக்கொண்டு போனார்.

கூட்டம் கூடிவிட்டது. பால் கறக்கிறவர்கள், சாணம் அள்ளுகிற பெண்கள், காவலாளி, எல்லோரும் கொட்டகை வாசலில். முதலாளி சாக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் போய்க் கட்டையை ஊன்றி நின்றாள் டிரைவரின் தங்கை.

"போன வருஷம் லீவரை இழுத்தது யாரு?"

முதலாளி தலையை ஆட்டினார். "நடந்தது நடந்து போச்சும்மா. உனக்கு நல்லதா ஒரு கால் வெச்சுத் தரேன். வேலையும் தரேன். உங்க அண்ணன் குடும்பத்தை..."

"நான் கால் கேட்கல. யாருன்னு கேட்டேன்."

"தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாது. சொல்ல வந்தவன் செத்துட்டான். நீங்க சொல்லுங்க."

மேடம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடினார். பட்டன் தன்னுடையதைக் கொடுத்தான். கசங்கிய நோட்டில் ஒரு வெள்ளைத் தாளைப் பிரித்து அதையும் கொடுத்தான்.

முதலாளி வாயைத் திறந்தார்.

"என் மாப்பிள்ளை. சும்மா ஏறி உட்கார்ந்து, எது எதுன்னு தெரியாம லீவரை இழுத்தார். நீ குனிஞ்சிருந்ததை அவர் பார்க்கல."

"நான் காலை விட்டேன்னு எழுதச் சொன்னது?"

"நான்."

"எங்க அண்ணனைக் கையெழுத்துப் போட வெச்சது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டரின் பேனா தாளில் ஓடியது. தங்கை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றவர்களில் பின்வரிசையில் இருந்தவர்கள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக அவளைப் பார்த்து, ஓடுகிற மெஷினில் போய்க் காலை விட்டாளே என்று உச்சுக் கொட்டியவர்கள்.

அவள் முதலாளியிடம் திரும்பினாள்.

"எந்திரிச்சு நின்னு இன்னொரு தடவை சொல்லுங்க. அவங்களுக்குக் கேட்கல."

முதலாளி டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.